கூடைக்குள் பார்க்காதவர்

தென்னை மரம் வளர்வதைப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். நாமெல்லாம் மரம் வளர்ந்த பிறகுதான் பார்க்கிறோம். அவர் வளரும்போதே பார்த்தார்.

கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே தன் வீட்டு மாடியில் உயரமாக ஒரு இரும்புக் கம்பம் நட்டு, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் காற்று வழியாக இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த அக்கா. ஒவ்வொரு கூரையிலும் ஒரு சின்ன வெள்ளை டிஷ், அவருடைய கம்பத்தைப் பார்த்தபடி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தென்னை மெல்லத் தலை தூக்கினால், அந்த வீட்டுச் சிக்னலின் எண் அவர் கம்ப்யூட்டரில் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அறையை விட்டு எழுந்திருக்காமலே சொல்லுவார்: "குருசடிக்குப் பக்கத்துத் தென்னை இந்த மாசம் ரெண்டு ஓலை விட்டிருக்கு." அந்தச் சிலுவைக் கோயிலடிக்குப் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். மரத்துக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஓலைகளை மட்டும் வெட்டிவிட்டு வருவார். காற்று வீசும் நாட்களில் ஓலை ஆட ஆட எண்கள் ஏறி இறங்கும். இருட்டான அந்த அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டு ஒன்றாக மூச்சு விடுவது போல இருக்கும்.

அவரைப் பார்க்க நான் போனது நல்ல காரியத்துக்கு இல்லை.

அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பள்ளிப் பாடங்களைக் காணொளியாக எடுத்து, செல்போன் ஆப்பில் விற்கிற கம்பெனி. என் சொந்த ஊர் நெய்யூர் என்பதால், குமரி மாவட்டத்துச் சின்ன இன்டர்நெட்காரர்களைப் பார்த்துப் பேசும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் நான் போனபோது காலை பத்து மணி இருக்கும். நைட்டி மேல் துண்டு போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர். ரவுட்டரைக் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. நான் கார்டை நீட்டினேன். சென்னையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"இரிங்க மக்கா. முன்னால வந்தவங்க முடியட்டும்."

உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பங்குச் சாமியார் வந்தார். வெள்ளை அங்கியோடு வந்தவர் நேராக மேசைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து செபமாலையை உருட்டத் தொடங்கினார். பழகிப் போனவர் என்று தெரிந்தது.

அக்காவிடம் ஒரே பிளான்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே வேகம். மீன் ஏலக்காரர் வீட்டுக்கும் அதே, வலை பின்னும் வீட்டுக்கும் அதே. அன்று சாமியார் வந்தது திருவிழாப் பூசையை நேரலையாக அனுப்பும்போது மட்டும் கோயில் லைனைக் கொஞ்சம் முன்னால் விட முடியுமா என்று கேட்க.

"ஃபாதர், பூசையும் இந்த லைன்லதான் போவும், சினிமாவும் இந்த லைன்லதான் போவும். எது என்னன்னு நான் நிறுத்திப் பாக்கமாட்டேன்."

"ஆண்டவருக்க பூசையாக்கும்."

"ஆண்டவரு கோவிச்சுக்கிடமாட்டாரு. நீங்கதான் கோவிச்சுக்கிடுவீங்க."

சாமியார் சிரித்துவிட்டார். "நீ மோட்சத்துக்குப் போனா, வாசல்ல சாவியோட நிக்கிற ராயப்பரையே வரிசையில நிக்கச் சொல்லுவே."

அந்த அறை இப்போதும் கனவில் வரும். ஜன்னலை எப்போதும் பாதி சாத்தி வைத்திருப்பார், உப்புக்காற்று இயந்திரங்களைத் தின்றுவிடும் என்று. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவர் முழுக்கப் பச்சை விளக்குகள் மின்மினி போல. நடுவில் தரையில் ஒரு மரப் பலகை மேல் ஒரு இரும்புப் பெட்டி, அடங்கிய குரலில் முனகிக்கொண்டிருக்கும். வெளியே கடல். இரண்டு இரைச்சலும் சேர்ந்து, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம் வரும். நான் பேச வந்ததைப் பல தடவை மறந்திருக்கிறேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய வீடியோ கம்பெனி ஒன்று கொடுத்தது அது. ஊரில் பலரும் கேட்கிற காணொளிகளைத் தனக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். முதல் ஆள் கேட்கும்போது நாகர்கோவிலிலிருந்து வரும் மெலிந்த லைன் வழியாக ஊர்ந்து வரும். இரண்டாவது ஆளிலிருந்து பக்கத்து அறையிலிருந்து வருவது போல வந்துவிடும். யாரும் கேட்காததை அது கொஞ்ச நாளில் தானாக மறந்துவிடும். சின்ன ஆட்களுக்கு இந்தப் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள். போதுமான ஆட்கள் பார்க்க வேண்டும். அதனால் அக்கா கடற்கரையில் அடுத்தடுத்த ஊர்களில் இருந்த ஐந்து சின்ன இன்டர்நெட்காரர்களைத் தன்னோடு சேர்த்து, ஒருவர் டிஷ்ஷை ஒருவர் பக்கம் திருப்பி வைத்து, ஒரே ஆளாகக் கணக்குக் காட்டி அதை வாங்கியிருந்தார். வீடு நடுவிலும் மேட்டிலும் இருந்ததால் பெட்டி அவரிடம் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள்தான் எங்கள் கம்பெனிக்குப் பிடிக்காத ஒருவர் இருந்தார். திற்பரப்பில் ஒரு கணக்கு டீச்சர். அருவிக்குப் பக்கத்தில் வீடு. தினமும் ஒரு பாடத்தைச் செல்போனில் எடுத்து, அந்த வீடியோ தளத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம் என்று போட்டுவிடுவார். பாடத்துக்குப் பின்னால் அருவி விடாமல் இரைந்துகொண்டிருக்கும். கடல் இரைச்சலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அருவி இரைச்சலில் இயற்கணிதம் படித்தார்கள். முதல் பிள்ளை கேட்டதும் பாடம் பெட்டிக்குள் வந்துவிடும். பிறகு ஆறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் தடங்கல் இல்லை.

"சாயந்திரம் ஆறு மணிக்கு மேல மாடிக்கு வந்து நின்னு பாரும்," என்றார் அக்கா ஒருமுறை. "எல்லா வீட்டுலயும் ஒண்ணா ஓடும். கடலுக்கு மேல அருவி விழுகிய மாதிரி இருக்கும், கேட்டியா?"

போய் நின்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கூரைகள், டிஷ்கள், தென்னைகள், அவற்றின் நடுவே எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு அருவி.

அதை மெதுவாக்கச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். பாடம் படிக்கும் நேரத்தில் அந்த வீடியோ தளத்தைக் கொஞ்சம் திணற விட வேண்டும். பதிலுக்கு நாகர்கோவிலிலிருந்து அவர் கம்பத்துக்கு வலுவான புது லைன் ஒன்றை எங்கள் கம்பெனி போட்டுக் கொடுக்கும். அப்படிச் செய்வது சட்டப்படி தப்பு. கம்பெனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எழுத்தில் எதுவும் வேண்டாம், பேச்சிலேயே முடி" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

 நான் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்:

"மெதுவாக்கணும்னா, போறது என்னதுன்னு நான் பாக்கணும். இல்லியா?"

"பாக்கணும் அக்கா."

"அப்பம் வேண்டாம்."

காரணம் கேட்டேன். மேசை மேல் கிடந்த ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா மீன் விற்றவர். காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் போய் விற்பார். விடுமுறை நாட்களில் சிறுமியான இவரும் கூடப் போவார். ஒருநாள் கண்டக்டர் கூடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். டிக்கெட் எடுத்திருந்தார்கள். இடமும் இருந்தது. நடுவழியில் இறக்கிவிட்டார்.

"நாத்தம்னு சொன்னாரு. செரி, மீனு நாறத்தான் செய்யும். ஆனா ஆள எண்ணினாப் போதாதா, கூடைய எதுக்குத் திறக்கியது? எனக்க அம்மை ஒண்ணும் பறயல்ல. கூடையத் தூக்கித் தலையில வச்சுட்டு நடந்தா. நெய்யூரு வரைக்கும் நடந்தோம்."

நெய்யூர் என் ஊர். எங்கள் தெருவுக்கு மீன்காரப் பெண்கள் சில நாள் மத்தியானம் தாண்டி வருவார்கள். "இன்னைக்கு மீனு பழசாக்கும்" என்று என் அம்மா வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். அவர்கள் ஏன் தாமதமாக வந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் நான் வேலைக்காரன். சும்மா விடவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு கேள்வியைத் தயாரித்துக்கொண்டு போனேன். "கூடைக்குள்ள பாக்கமாட்டேன்னு சொல்லுறீங்க. இந்தப் பெட்டி மட்டும் என்ன? ஒரு கம்பெனி வீடியோ மட்டும் வேகமா வருது. பெட்டி தராதவன் வீடியோ மெதுவா வருது. அது பட்சபாதம் இல்லியா?"

 கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிப் போனேன்.

அன்று சாயங்காலமே பெட்டியை அணைத்துவிட்டார். மூன்று நாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஊர் கொதித்தது. மற்ற ஐந்து ஊர்க்காரர்களும் போனில் கத்தினார்கள். நாலாம் நாள் மறுபடி போட்டார். நான் போனபோது முன்பின் இல்லாமல் சொன்னார், முந்தைய பேச்சு ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது போல:

"நீ கேட்டது நியாயந்தான். அணைச்சுப் பாத்தேன். எல்லாருக்கும் மெதுவாச்சு, பெட்டியில இல்லாதவனுக்கும் சேத்து மெதுவாச்சு. ஏன்னா லைனு நெறஞ்சுபோச்சு. பெட்டி இருந்தா லைன்ல எடம் கெடக்கும், மத்தவன் போவான். அதுல எது இருக்கணும்னு நான் சொல்லல்ல, ஊரு கேட்டது இருக்கு. ஒண்ணை முன்னால விடதுக்கு இன்னொண்ணைப் பிடிச்சு வைக்கதுதான் தப்பு. இது அப்பிடி இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மக்கா, பெட்டிய ஒரு கம்பெனிக்காரன்தான் தந்திருக்கான். அது எனக்கு இப்பமும் முள்ளாட்டுக் குத்துது. நீ கேட்டதுல பாதிக்கு எங்கிட்ட பதிலு இல்ல."

எதிராளியிடம் இப்படி ஒப்புக்கொள்கிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை. அன்றைக்கே நான் வேலையை விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. அவரிடம் நடக்காது என்று தெரிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்களிடம் போனேன். இரண்டு பேர் சரி என்றார்கள். எங்கள் கம்பெனி அவர்களுக்குத் தனி லைன் போட்டது. அவர்கள் டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஆறு பேர் நாலு பேரானார்கள். பார்க்கிற ஆட்கள் குறைந்துவிட்டதைப் பெட்டிக்காரர்கள் எங்கோ தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, போதவில்லை என்று எழுதிவிட்டு, பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்பினார்கள். அவரே அதைத் துடைத்து, பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தாராம். எடுக்க வந்தவருக்குப் பால் விடாத கட்டன்காப்பியும் கொடுத்தாராம்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த முறை போனபோதும் "வந்தியா, இரி" என்றுதான் சொன்னார். முன்னால் ஒருவர் இருந்தார். அவர் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தரையில் அந்த மரப் பலகை மட்டும் கிடந்தது. முனகல் இல்லாத அறை வேறு அறை போல இருந்தது.

அக்காவின் கணவர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. கல்யாணப் படத்தில் மெலிந்த ஆள், பெரிய மீசை. ஆண்டுக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். அந்த வருடம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று இருந்த அன்றுதான் நான் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்க அங்கே போனேன். பெட்டி போய்விட்டது, லைன் திணறுகிறது, இப்போது மசிவார் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணி. கடலிலிருந்து மெல்லிய புகை போல ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று பெரிய கிரிக்கெட் மேட்ச். தெருவில் ஆளே இல்லை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரே பச்சை மைதானம். நேரலை என்பதால் பெட்டி இருந்திருந்தாலும் அதைச் சேர்த்து வைக்க முடியாது. வீட்டுக்கு வீடு தனித்தனியாக லைன் வழியேதான் வந்தாக வேண்டும். ஆனால் பெட்டி இருந்திருந்தால் மற்ற பாரமாவது லைனில் இருந்திருக்காது. இதையெல்லாம் வாசல்படியில் நின்று நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா செல்போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் கணவரின் முகம் கட்டம் கட்டமாக வந்தது. நெற்றி வந்தது. ஒரு கண் வந்தது. அப்படியே நின்றது. குரல் அறுந்து அறுந்து விழுந்தது. செல்போன் டவர் அந்த மேட்டுக்குச் சரியாக எட்டாது. வேறு வழி இல்லை.

கம்ப்யூட்டரில் எல்லா வீடும் வரிசையாக இருந்தது. அவருடைய வீடும் அதில் ஒரு வரி. அதைப் பிடித்து மேலே ஏற்றினால் போதும், ஒரே ஒரு அமுக்கு. ஊரில் மேட்ச் இரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே நிற்கும், அவ்வளவுதான்.

"அக்கா, உங்க லைனை மட்டும் முன்னால விடுங்க. ரெண்டே நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கை மவுஸ் மேல் போனது. அங்கேயே இருந்தது.

அப்போது ஏதோ விக்கெட் விழுந்தது. பக்கத்து வீட்டில் கத்தினார்கள். கொஞ்சம் கழித்து எதிர்வீட்டில். பிறகு குருசடிப் பக்கம், பிறகு கடற்கரை ஓரம். ஒவ்வொரு வீட்டுக்கும் படம் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரே விக்கெட் அந்த ஊரில் பல தடவை விழுந்தது. கூச்சல் அலை போல எங்களைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனது.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"இஞ்ச பாருங்க," என்றார் போனைப் பார்த்து. "படத்த நிறுத்திப் போடுங்க. சும்மா பேசுங்க. பேச்சு வரும்."

திரை கறுத்தது. குரல் பக்கத்தில் இருப்பது போலத் தெளிந்து வந்தது.

"இப்பம் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"நீ உனக்க படத்த நிறுத்தாண்டாம். எனக்கு நீ நல்லாத் தெரியுகே."

உண்மைதான். மேட்ச் எல்லாம் ஊருக்குள் வருகிற பாதையை அடைத்திருந்தது. வெளியே போகிற பாதை காலியாகக் கிடந்தது. அவருக்கு இவர் முகம் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. இவருக்குக் கறுத்த கண்ணாடிதான். அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடியை ஒதுக்கிக்கொண்டார். அந்தக் கறுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"கெணத்து மோட்டரு ஓடுதா?" என்றது குரல்.

"ஓடுது. நேத்து சத்தம் போட்டுது, நான் திறந்து பாத்தேன்."

"நீ திறக்காத ஒண்ணும் இல்லை."

"சாப்பிட்டியளா?"

"ராத்திரி ஒண்ணும் திங்கப்பிடாதுன்னாச்சு. நீ என்னமாம் தின்னு. மெலிஞ்சாப்ல இருக்க."

அரைமணி நேரம் இப்படித்தான் பேசினார்கள். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாசலில் நின்றிருந்தேன். கேட்க வந்ததைக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அக்காவின் கணவர் இறந்துபோனார். நினைவு திரும்பவே இல்லையாம். உடல் வந்து சேர நாளாயிற்று. அடக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டியைத் திறந்து காட்ட வேண்டாம் என்று யாரோ சொல்ல, அப்படியே கொண்டுபோனார்கள். அந்த வாரமே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வருடம் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. தனியே போன இரண்டு ஊர்க்காரர்களும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அக்கா அவர்களை வரிசையில் உட்கார வைத்தார், பிறகு சேர்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு ஊர் சேர்ந்தது. பெட்டி மறுபடி வந்தது. இப்போதும் அந்தக் கடற்கரையில் அவருடைய லைன்தான் ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் இரண்டு வந்து கேபிள் இழுத்த பிறகும்.

நான் நாகர்கோவிலில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். டிஷ், ரேடியோ, கேபிள் விற்கிறேன். சின்ன இன்டர்நெட்காரர்கள் கூடும் இடங்களில் என்னைப் பேசச் சொல்லுவார்கள். எங்கே பேசினாலும் அந்த மேட்ச் நாள் கதையைச் சொல்லுவேன். கை மவுஸ் வரை போனது, கொள்கைக்காக எடுத்துவிட்டார் என்று சொல்லுவேன். கைதட்டுவார்கள். சிலர் கண் துடைப்பார்கள். சொல்லிச் சொல்லி என் பங்கு அதில் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் நான் வெறும் சாட்சியாக வாசலில் நின்றிருந்தேன்.

போன மாதம் அப்படி ஒரு கூட்டத்தில் பேசி முடித்து நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மறுநாள் மத்தியானமே ஊருக்குப் போனேன். மாடியில் இருந்தார். கம்பத்தின் போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. வெயில் கடல் மேல் விழுந்து, எது தண்ணீர் எது வெளிச்சம் என்று தெரியாமல் கிடந்தது. 

"நல்லாப் பேசுகே," என்றார், என்னைப் பார்க்காமல். "ஆனா அதை இனிமே சொல்லாண்டாம் மக்கா."

"உங்க பேரைச் சொல்லலியே அக்கா. நீங்க செய்தது எவ்வளவு பெரிய..."

"கொள்கையும் மண்ணும் ஒண்ணும் இல்ல. எனக்கு அவருக்க மொகத்தைப் பாக்கணும்னு இருந்துது. அமுக்கத்தான் கையை வச்சேன். அமுக்கியிருப்பேன்."

கிரீஸ் டப்பாவை மூடினார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீ பின்னால நின்னே. நீதான் அமுக்கச் சொன்னே. கூடைய மூடி வைக்கணும்னு உங்கிட்ட அவ்வளவு பறஞ்சவ, நீ சொல்லி நான் அமுக்குறதான்னு நாணக்கேடா இருந்துது. அவ்வளவுதான். வேற ஆரு நின்னாலும் அமுக்கியிருப்பேன். ஆரும் இல்லாட்டி அமுக்கியிருப்பேன்."

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. குரலில் ஒரு கசப்பும் இல்லாமல், பாரத்தை இறக்கிவைக்கிறவர் போலச் சொன்னார்:

"உன்னைக் குத்தம் சொல்லதுக்கு இல்ல. நீ ஊரெல்லாம் என்னை நல்லவள்னு சொல்லிட்டுத் திரியே. அதைக் கேக்கும்போ அவருக்க மொகம் மறுபடியும் எனக்கு வரமாட்டேங்கு. ஒரு கண்ணு மட்டும் வருது. அதுக்காக்கும் சொல்லாண்டாம்னேன்."

 கீழே ஏதோ வீட்டில் ஒரு குக்கர் கூவி அடங்கியது. அவர் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். இரண்டு படி இறங்கி நின்று, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன நிக்கே? இறங்கு. மரச்சீனிக் கிழங்கு அவிச்சிருக்கேன், சாள மீன் கறி இருக்கு. ஆறிரும்."